செய்திமடலில் விளம்பரம்: வாசகர் எவ்வளவு பொறுப்பார்?

வளையோசை

நான் நடத்துவது வாரம் ஒரு முறை போகும் மின்னஞ்சல் செய்திமடல். சந்தாதாரர் 12,000 பேர், அதில் சுமார் 7,000 ஜிமெயில் முகவரி. இதுவரை ஒரு விளம்பரம்கூட இல்லை. இனி போட்டாக வேண்டும். இதழுக்கு எத்தனை போடலாம், எங்கே போடலாம், வாசகர் கசந்துபோகிறார் என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? "மதிப்பு கொடுங்கள், வாசகர் இருப்பார்" மாதிரியான உபதேசம் வேண்டாம். கை வைத்துச் செய்கிற விஷயங்களாகச் சொல்லுங்கள்.

மெய்ப்பு

எண்ணிக்கையை விட்டுவிட்டு, முதல் விளம்பரம் எப்படி உள்ளே வருகிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். விளம்பரமே பார்க்காத வாசகருக்குத் திடீரென்று ஒன்று வந்தால், அது எவ்வளவு நல்ல விளம்பரமாக இருந்தாலும் "மடலை விற்றுவிட்டார்கள்" என்றுதான் தோன்றும். ஆகவே நான்கு வாரம் முன்னாலேயே இடத்தைத் திறந்துவிடுங்கள். மெல்லிய சாம்பல் பட்டை, அதே அளவு, அதே இடம். அதற்குள் உங்கள் சொந்த அறிவிப்பைப் போடுங்கள்: பழைய இதழ்களின் தொகுப்பு, "நண்பருக்கு அனுப்புங்கள்" வேண்டுகோள், எதுவானாலும் சரி. கண் அந்தப் பட்டைக்குப் பழகிவிடும்.

விளம்பரம் வருவதற்கு முந்தைய இதழில் ஒரு பத்தி போதும். இப்படி:

"அடுத்த வாரம் முதல் இதழுக்கு ஒரு விளம்பரம் வரும். சாம்பல் பட்டைக்குள், 'விளம்பரம்' என்ற தலைப்போடு இருக்கும். உங்கள் மின்னஞ்சல் முகவரி எந்த விளம்பரதாரருக்கும் போகாது. ஒரு விளம்பரம் உறுத்தினால் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள், படிப்போம்."

மன்னிப்புக் கேட்காதீர்கள். செலவுக் கணக்கை விரித்து அழாதீர்கள். மன்னிப்புக் கேட்டால் ஏதோ தப்பு நடக்கிறது என்று நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை, ஆரம்பத்தில் ஒன்றே ஒன்று, முதல் பகுதி முடிந்த பிறகு. வாசகர் வந்த காரியத்தில் ஒரு பங்காவது கிடைத்த பின்புதான் விளம்பரம் கண்ணில் படவேண்டும். கட்டுரையின் நடுவில், இரண்டு பத்திகளுக்கு இடையே செருகாதீர்கள். பகுதிக்கும் பகுதிக்கும் இடையில் இருக்கும் இயல்பான இடைவெளிதான் அதன் இடம்.

தலைப்பில் "விளம்பரம்" என்றே எழுதுங்கள். "கூட்டாளர் உள்ளடக்கம்", "எங்கள் நண்பர்களிடமிருந்து" என்றெல்லாம் பூசி மெழுகினால், படித்து முடித்த பிறகு வாசகருக்குத் தெரியவருகிறது, தான் படித்தது காசு வாங்கி எழுதியது என்று. அந்த நொடியில் விளம்பரத்தின் மேல் வரும் கோபம் அதோடு நிற்காது. நீங்கள் உண்மையாக எழுதிய மற்றப் பகுதிகளின் மேலும் சந்தேகம் விழும்.

சல்லடை

மேலே போடக்கூடாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. இன்பாக்ஸ் பட்டியலில் பொருள் வரிக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு வரி தெரியுமே, அது மடலின் முதல் எழுத்துகளிலிருந்து எடுக்கப்படுவது. நீங்கள் முன்னோட்ட வரி தனியாகக் கொடுக்காமல், உச்சியில் விளம்பரத்தை வைத்தால், 12,000 பேரின் இன்பாக்ஸிலும் பொருள் வரிக்குப் பக்கத்தில் "இந்த இதழை வழங்குவது..." என்று நிற்கும். திறப்பதற்கு முன்னாலேயே மடல் விளம்பர மடலாகிவிட்டது. முன்னோட்ட வரியைக் கட்டாயம் கையால் எழுதுங்கள்.

அடுத்தது 102 கேபி. மடலின் எச்டிஎம்எல் (எழுத்தும் அதன் வடிவத்தைச் சொல்லும் குறியீடும்) அந்த அளவைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டிவிட்டு "முழு மடலையும் பார்க்க" என்று ஒரு லிங்க் வைக்கும். படங்கள் இந்தக் கணக்கில் வராது, எழுத்தும் குறியீடும்தான். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஆங்கில எழுத்து 1 பைட், தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'க' 3 பைட், 'கி' 6 பைட். சொல்லுக்குச் சராசரி 9 குறி என்று வைத்தால் 1,500 சொல்லுக்கு எழுத்து மட்டுமே 40 கேபி. மேலே வார்ப்புருவின் குறியீடு, யார் சொடுக்கினார் என்று எண்ணுவதற்காக மூன்று மடங்கு நீண்ட டிராக்கிங் லிங்குகள், விளம்பரதாரர் வேர்டிலிருந்து அப்படியே ஒட்டி அனுப்பிய ஸ்டைல் குப்பை. தாண்டிவிடும்.

வெட்டினால் என்ன போச்சு? விலகும் லிங்க் அடியில்தானே இருக்கிறது, அதுவும் சேர்ந்து போச்சு. விளம்பரம் பிடிக்காமல் விலக வந்தவருக்கு லிங்க் கிடைக்காது. கைக்கு எட்டுவது ஸ்பேம் பொத்தான். விளம்பரதாரர் கொடுக்கும் எச்டிஎம்எல்லை ஒருபோதும் ஒட்டாதீர்கள். வெறும் எழுத்தாக வாங்கி உங்கள் வார்ப்புருவில் போடுங்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் கறாராகிவிட்டன. ஒரே நாளில் ஜிமெயில் தனிநபர் கணக்குகளுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர் கூகுள் கணக்கில் மொத்த அனுப்புநர் (பெருமளவில் அனுப்புகிறவர்). உங்கள் 7,000 அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது, ஒரு தடவை தாண்டினால் அந்த முத்திரை போகாது. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் (மடல் உண்மையாகவே உங்களிடமிருந்து வருகிறது என்று காட்டும் அமைப்புகள்) இருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதி ஹெடரிலேயே, அதாவது மடலோடு போகும் மறைவான தகவல் பகுதியிலேயே இருக்க வேண்டும் (ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தரம்), விலகியவரை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுத்தாக வேண்டும். ஸ்பேம் புகார் 0.1%க்குக் கீழே இருக்கட்டும், 0.3%ஐத் தொடவே கூடாது என்கிறது கூகுள். உங்கள் எண்ணில் அது 7 பேர், 21 பேர். ஒரு கேவலமான விளம்பரம் போதும் 21 பேருக்கு.

இதில் ஒரு பொறி உண்டு. அனுப்புநர்களுக்காகக் கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற கருவி காட்டும் ஸ்பேம் விகிதம் இன்பாக்ஸில் விழுந்த மடல்களை வைத்துக் கணக்கிடுவது. உங்கள் மடல் ஏற்கெனவே ஸ்பேம் பெட்டிக்குப் போக ஆரம்பித்திருந்தால், புகார் கொடுக்க ஆளே இருக்காது, விகிதம் அழகாகக் குறையும். விகிதமும் குறைந்து கிளிக்கும் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

எத்தனை போடலாம் என்ற கேள்விக்குக் கணக்கில் பதில் சொல்கிறேன். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் 2% வாசகரை இழக்கிறீர்கள் என்று வைப்போம். ஒரு வாசகரின் சராசரி ஆயுள் 1 ÷ 0.02 = 50 மாதம். விளம்பரம் வந்த பிறகு இழப்பு 3% ஆகிறது. "ஒரே ஒரு சதவீதம்தானே" என்று தோன்றும். ஆனால் ஆயுள் 33 மாதமாகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதே அளவு புது வாசகர் வந்துகொண்டிருந்தால், பட்டியல் நாளடைவில் மூன்றில் இரண்டு பங்கு அளவில்தான் போய் நிற்கும். சேதம் உடனே தெரியாது; ஒன்றரை இரண்டு ஆண்டு கழித்து "ஏன் பட்டியல் வளரவே மாட்டேன் என்கிறது" என்று உட்கார்ந்து யோசிப்பீர்கள்.

திண்ணைக்காரர்

பிள்ளைவாள், உங்க கணக்கையே உங்க மேல திருப்பறேன். இதழுக்கு ஒரு விளம்பரம் இருந்ததை ரெண்டாக்கினா வருமானம் இரட்டிப்பு. இழப்பு 2%லேர்ந்து 4% ஆனாத்தான் கைக்கும் வாய்க்கும் சமம். 3%ல நின்னா லாபம்தானே? சும்மா வாசகர் வாசகர்னு பயமுறுத்தாதீங்க. விளம்பரம் இல்லாத பத்திரிகையைத் தமிழ்ல யாரு படிச்சாங்க? வரி விளம்பரம் படிக்கறதுக்குன்னே பேப்பர் வாங்கின ஜனங்க நாம.

கணக்குப்பிள்ளை

இரட்டிப்பு ஆகாது, அங்கேதான் ஓட்டை. வாசகர் மடலில் செலவிடும் நேரம் அதேதான். இரண்டாவது விளம்பரம் வந்ததும் முதலாவதின் கிளிக்கில் ஒரு பங்கை அது தின்னும். முதலாவது பழைய வருமானத்தில் 80%, இரண்டாவது 60% கொண்டுவருகிறது என்று வையுங்கள். மொத்தம் 1.4 மடங்கு. அப்படியானால் சமநிலை இழப்பு 4% இல்லை, 2.8%. 3%இல் நின்றால் நஷ்டம். மூன்றாவது விளம்பரம் இன்னும் குறைவாகத்தான் கொண்டுவரும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

அத்தோடு, விலகல் பொத்தானை அழுத்துகிறவர் மட்டும்தான் இந்த 3%இல் வருகிறார். விலகாமல், திறக்காமல், பட்டியலில் பிணமாகக் கிடப்பவர் வரவில்லை. அவரையும் சேர்த்து எண்ணினால்தான் இழப்பு விகிதம் உண்மை பேசும்.

ஆனால் வரி விளம்பரம் பற்றிச் சொன்னீர்களே, அதில் விஷயம் இருக்கிறது. ஒரு பெரிய விளம்பரம், அதோடு மடலின் கடைசியில் ஒரு வரி வீதம் இரண்டு மூன்று வரி விளம்பரங்கள். அடிவரைக்கும் வருகிறவர்கள் எதையோ தேடி வருகிறவர்கள். அவர்களுக்கு ஒரு வரி உறுத்தாது.

மெய்ப்பு

இதை ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்லும் வரம்பு: 800 முதல் 1,500 சொல் இதழுக்கு ஒரு பிரதான விளம்பரம், 60 முதல் 80 சொல், கடைசியில் வரி விளம்பரம் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஃபோனில் உருட்டிப் பாருங்கள். எந்த நிலையிலும் திரையில் இரண்டு விளம்பரம் சேர்ந்து தெரியக்கூடாது. திரை முழுவதையும் ஒன்றே அடைக்கவும் கூடாது.

வளையோசை

நன்றி, நிறைய தெளிந்தது. பிணமாகக் கிடப்பவரை எப்படி எண்ணுவது? ஓப்பன் ரேட் (மடலைத் திறந்தவர்களின் விகிதம்) பார்த்தால் எப்போதும்போல 45%இல் நிற்கிறது. அப்படியானால் யாரும் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

சல்லடை

கூடாது. 2021 செப்டம்பரில் ஐஃபோனுக்கு ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிள் மெயில், பயனர் தனியுரிமைப் பாதுகாப்பை ஏற்றிருந்தால், மடலைத் திறக்காமலேயே படங்களை முன்கூட்டி இறக்கிவைக்கிறது. உங்கள் டிராக்கிங் பிக்சலுக்கு (திறந்ததை எண்ண மடலில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத படம்) அது "திறந்தார்" என்று தெரியும். வாசகர் மூன்று மாதமாக எட்டிப் பார்க்காவிட்டாலும் வாராவாரம் திறந்ததாகவே பதிவாகும். நிலையான ஓப்பன் ரேட் நிலையான வாசகரைக் காட்டாது.

கிளிக்கையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். அலுவலக முகவரிகளுக்கு முன்னால் நிற்கும் பாதுகாப்பு மென்பொருள்கள் மடல் வந்த சில நொடிகளில் எல்லா லிங்க்கையும் தொட்டுப் பார்க்கும். அடையாளம் சுலபம்: ஒரே முகவரி, ஒரு நிமிடத்துக்குள், மேலிருந்து கீழ்வரை எல்லா லிங்க்கும், விலகும் லிங்க் உட்பட. மனிதர் யாரும் அப்படிச் சொடுக்குவதில்லை. அந்த வரிசைகளைக் கழித்துவிட்டுத்தான் விளம்பரதாரருக்கு எண் கொடுக்க வேண்டும். கழிக்காமல் கொடுத்தால் முதல் மாதம் கைதட்டுவார், தன் தளத்துக்கு ஆளே வரவில்லை என்று பார்த்ததும் இரண்டாவது மாதம் போய்விடுவார். இதனால்தான் விலகும் லிங்க் ஒரு பக்கத்துக்குப் போய், அங்கே ஒரு பொத்தானை அழுத்திய பிறகே விலகல் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருளே வாசகரை விலக்கிவிடும். ஹெடரில் உள்ள ஒரே சொடுக்கு வசதிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது போஸ்ட் கோரிக்கையாக (தகவலை அனுப்பும் தனிவகைக் கோரிக்கை) வருகிறது, லிங்க்கைத் திறந்து பார்ப்பதால் மட்டும் நடக்காது.

பார்க்க வேண்டியது: கடந்த 90 நாளில், விளம்பரம் அல்லாத லிங்க்கை ஒரு தடவையாவது உண்மையாகச் சொடுக்கியவர்கள் எத்தனை பேர். அதோடு பதில் மடல்கள். ஒரு இதழுக்கு 15 பதில் வந்துகொண்டிருந்தது 6 ஆகிவிட்டது என்றால், டாஷ்போர்டு என்ன சொன்னாலும் சரி, ஏதோ நடந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை

ஒரு இதழின் விலகல் எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், குளிரவும் வேண்டாம். 12,000 பேருக்கு 0.2% என்றால் சராசரி 24. தற்செயலாகவே இது 14க்கும் 34க்கும் இடையில் ஆடும் (24இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5, இரு பக்கமும் அதன் இரு மடங்கு). விளம்பரம் போட்ட இதழில் 33 பேர் விலகினால் அது விளம்பரத்தால்தான் என்று சொல்ல ஆதாரமில்லை.

ஆதாரம் வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். பட்டியலிலிருந்து 3,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரியுங்கள். அகர வரிசையில் முதல் 3,000, பழைய சந்தாதாரர் 3,000 என்று எடுத்தால் சோதனை பாழ். அவர்களுக்கு 12 இதழ் விளம்பரம் இல்லாத பதிப்பு. மீதி 9,000 பேருக்கு விளம்பரத்தோடு. இடையில் குழுவை மாற்றக்கூடாது, புதுச் சந்தாதாரரை இரண்டிலும் சேர்க்கக்கூடாது. 12 இதழ் முடிவில், விளம்பரமில்லாத குழுவில் 72 பேர் விலகியிருப்பார்கள் என்று வைப்போம். விளம்பரக் குழுவின் எண்ணை மூன்றால் வகுங்கள். 92ஐத் தாண்டினால் விளம்பரம் ஆட்களைத் துரத்துகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். 80 என்றால் சொல்ல முடியாது. 90 நாள் கிளிக்கையும் இதே இரண்டு குழுவில் ஒப்பிடுங்கள்; மௌனமாகப் போனவர்கள் அங்கேதான் தெரிவார்கள்.

1,200 பேரை மட்டும் ஒதுக்கினால்? மூன்று மாதத்துக்கு 29 விலகல்தான் வரும், ஆட்டம் அதிகம், ஒன்றும் புரியாது. சிறு பட்டியலுக்கு இந்தச் சோதனையே வேண்டாம், வீண்வேலை.

திண்ணைக்காரர்

சோதனை நடக்கற மூணு மாசமும் விளம்பரதாரர்கிட்ட 12,000னு சொல்லி விக்காதீங்க. 9,000னு சொல்லுங்க.

விலை விஷயத்துக்கு வர்றேன், யாரும் தொடலை. கிளிக்குக்கு இவ்வளவுன்னு விக்காதீங்க. ஏன்னா அன்னிலேர்ந்து உங்க கை தானா வேற மாதிரி எழுத ஆரம்பிச்சிடும். "இதைப் பார்த்தீங்களா?"ன்னு மொட்டையா ஒரு லிங்க் வெச்சா கிளிக் ஏறும். ஏறினது வாசகர் ஏமாந்த கிளிக். ஒரு இதழுக்கு இவ்வளவுன்னு நிலையான தொகை வாங்குங்க. பேசி முடிக்க ஆயிரம் பேருக்கு இவ்வளவுங்கற கணக்கை வெச்சுக்கலாம், ஆனா அந்த ஆயிரம் மொத்தப் பட்டியலா, திறந்தவங்களான்னு முதல்லயே எழுத்துல வேணும். பாதி சண்டை அங்கதான். என்னைக் கேட்டா 90 நாள்ல உயிரோட இருக்கறவங்க எண்ணிக்கையைச் சொல்லி வில்லுங்க. எண் சின்னதாத் தெரியும், ஆனா அந்த ஆள் திரும்பி வருவார்.

ஒரு இதழ் மட்டும் விக்கறதைவிட மூணு இதழ் சேர்த்து வில்லுங்க, ஆனா மூணுக்கும் வாசகம் வேற வேற. அதே வாசகம் மறுபடி வந்தா கண்ணு தாண்டிப் போயிடும். விளம்பரம் மாதிரி தெரியறதையே கண்ணு தாண்டிப் போறதுக்குப் பேனர் குருடுன்னு 1998லயே பேர் வெச்சாச்சு.

ஒப்பந்தத்துல மறக்காம: வாசகத்தை ஆசிரியர் திருத்தலாம், காரணம் சொல்லாம நிராகரிக்கலாம், நிராகரிச்சா பணம் திருப்பித் தரப்படும். வாசகமும் லிங்க்கும் வெளியீட்டுக்கு 5 நாள் முன்னாடி வரணும். ஒரு வகைப் பொருளுக்கு ஒரு இதழ்ல ஒரே விளம்பரதாரர். நம்ம பக்கத் தப்பால விளம்பரம் சரியா போகலேன்னா அடுத்த காலி இதழ்ல இலவசமா இன்னொரு தடவை. வாசகம் கடைசி நாள் ராத்திரி வந்தா உங்களால படிச்சுப் பார்க்க முடியாது. குப்பை உள்ளே நுழையறது அந்த வழியாத்தான்.

மெய்ப்பு

வாசகம் பற்றி ஒரு உதாரணம். விளம்பரதாரர் அனுப்புவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"உங்கள் வேலை செய்யும் முறையையே தலைகீழாக மாற்றப்போகும் புரட்சிகரமான குறிப்பேட்டுச் செயலி! இலட்சக்கணக்கானோர் நேசிக்கும் அனுபவம்! சலுகை இன்று மட்டுமே! இப்போதே இணையுங்கள்!"

இதில் செய்தி ஒன்றுகூட இல்லை. அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது யாருக்குப் பயன்படாது? இலவசப் பதிப்பில் எது கிடையாது? சலுகை எந்தத் தேதியில் முடிகிறது? பதிலை வைத்து எழுதினால் இப்படி வரும்:

"விளம்பரம். கூட்டங்களில் கையால் குறிப்பெடுத்து, பிறகு தேடும்போது கிடைக்காமல் திண்டாடுகிறவர்களுக்கான செயலி இது. பக்கத்தைப் படம் எடுத்தால் எழுத்தாக மாற்றிச் சேமிக்கும், சொல்லைக் கொடுத்துத் தேடலாம். இலவசப் பதிப்பில் மாதம் 30 பக்கம்தான். குழுவாகப் பயன்படுத்தும் வசதி இன்னும் இல்லை. மடல் வாசகர்களுக்கு முதல் இரண்டு மாதம் கட்டணமில்லை. மாத இறுதி வரை."

இதில் வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது, "இன்னும் இல்லை" என்று ஒரு குறையும் இருக்கிறது. விளம்பரதாரர்கள் அந்த வரியைத்தான் நீக்கச் சொல்வார்கள். விடாதீர்கள். குழு வசதி தேவைப்படுகிறவர் சொடுக்காமலே போய்விடுவார். சொடுக்கி, பதிவு செய்து, ஏமாந்து, உங்களைத் திட்டுவதைவிட அது மேல்.

"நான் பயன்படுத்துகிறேன், அருமை" என்று உங்கள் குரலில் எழுதச் சொன்னால், உண்மையாகவே பயன்படுத்தாத வரை மறுத்துவிடுங்கள். விளம்பரத்தில் 'நான்' வரவே வேண்டாம் என்பது என் கட்சி. மடலில் 'நான்' என்ற சொல் வாசகர் நம்புகிற ஆள். அந்த ஆளை வாடகைக்கு விடக்கூடாது. கட்டுரைக்குள் அஃபிலியேட் லிங்க் (அதன் வழியாக வாசகர் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வருவது) வைத்தால் அதையும் அந்த இடத்திலேயே சொல்லுங்கள், அடிக்குறிப்பில் புதைக்காதீர்கள். அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி 2015 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் கேட்கிறது: அடையாளம் தெளிவாக, விளம்பரத்துக்கு அருகிலேயே. சில அஃபிலியேட் திட்டங்கள் மின்னஞ்சலில் லிங்க் வைப்பதற்குக் கட்டுப்பாடு போடுகின்றன. விதிகளைப் படிக்காமல் வைத்தால் சேர்ந்த கமிஷனும் போகும்.

சல்லடை

லிங்க் பற்றி. விளம்பரதாரரின் டொமைன் ஸ்பாம்ஹவுஸ் மாதிரி தடைப்பட்டியலில் இருந்தால், உங்கள் டொமைன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மடல் ஸ்பேமுக்குப் போகலாம். மடலுக்குள் இருக்கும் ஒவ்வொரு டொமைனையும் வடிகட்டிகள் பார்க்கின்றன. ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு தடவை, அனுப்பும் நாளில் ஒரு தடவை சோதியுங்கள். பொதுவான லிங்க் சுருக்கிகள் வேண்டவே வேண்டாம், உலகத்துக் குப்பையெல்லாம் அதே டொமைனில்தான் போகிறது.

விளம்பர லிங்க் உங்கள் சொந்தத் துணை டொமைன் (உங்கள் தள முகவரியின் ஒரு கிளை) வழியாகத் திருப்பப்படட்டும். அனுப்பிய மடலைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் லிங்க் போய்ச் சேரும் இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். விளம்பரதாரரின் பக்கம் செத்துப்போனால், சலுகை முடிந்துபோனால், அல்லது பக்கத்தையே வேறு ஏதோவாக மாற்றி வைத்தால், ஐந்து நிமிடத்தில் வாசகரை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். கூப்பன் குறியீட்டை நீங்களே ஃபோனில் போட்டுப் பாருங்கள், கடைசிப் படி வரை. வேலை செய்யாத கூப்பனுக்கு வசவு உங்கள் முகவரிக்குத்தான் வரும்.

இரண்டு விஷயத்துக்கு எப்போதும் முடியாது என்று சொல்லுங்கள். ஒன்று, அவருடைய டிராக்கிங் பிக்சலை மடலுக்குள் வைப்பது. இரண்டு, முகவரிப் பட்டியலைக் கொடுப்பது, "ஹேஷ் செய்துதான் கேட்கிறோம்" (அதாவது முகவரியை வேறொரு குறியீடாக மாற்றி) என்றாலும். ஹேஷ் செய்த முகவரியைத் தன்னிடம் உள்ள பட்டியலோடு பொருத்திப் பார்ப்பதற்குத்தானே கேட்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்து வாசகர்களையும் நோக்கி மடல் போகிறதென்றால் ஜிடிபிஆர் (அங்குள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) வந்து நிற்கும்.

படம் இருந்தால்: 1,200 பிக்சல் அகலத்தில் எடுத்து 600இல் காட்டுங்கள், ஆல்ட் டெக்ஸ்ட் (படம் தெரியாதபோது அதன் இடத்தில் வரும் எழுத்து) கட்டாயம். பின்னணி இல்லாத பிஎன்ஜியில் கறுப்பு லோகோ, டார்க் மோடில் காணாமல் போகும். முழு விளம்பரத்தையும் ஒரே படமாக அனுப்பினால் வாங்காதீர்கள். படம் முடக்கியவருக்கு அங்கே ஒரு வெற்றுப் பெட்டிதான் தெரியும்.

வளையோசை

ஒரு விளம்பரதாரர் தனி மடல் கேட்கிறார். முழு மடலும் அவருடைய பொருள் பற்றி, பட்டியல் முழுவதற்கும். தொகை இதழ் விளம்பரத்தைப் போல நான்கு மடங்கு. இன்னொன்று: விளம்பரம் வேண்டாம் என்கிறவர்களுக்குக் கட்டணப் பதிப்பு வைத்தால் என்ன?

திண்ணைக்காரர்

நாலு மடங்கா! வாங்கிப் போடுங்கன்னு சொல்லத்தான் நாக்கு துடிக்குது, ஆனா சொல்ல மாட்டேன். ஸ்பேம் பொத்தான் அதிகமா அமுங்கறது தனி மடல்லதான். வாசகர் கேட்டு வாங்கினது உங்க இதழ். இதுல அவர் வந்த காரியம் ஒண்ணுமே இல்ல. போட்டே ஆகணும்னா: மூணு மாசத்துக்கு ஒண்ணு, பொருள் வரி "விளம்பரம்:"னு ஆரம்பிக்கணும், பட்டியல் முழுக்க இல்லாம கடந்த 90 நாள்ல சொடுக்கினவங்களுக்கு மட்டும். முதல் வரியிலேயே "இந்த மாதிரி தனி மடல் மட்டும் வேண்டாம்"னு ஒரு லிங்க். விலகறவர் இதழ்லேர்ந்தும் விலகாம இருக்க அந்த ஒரு லிங்க்தான் காப்பாத்தும்.

சல்லடை

புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் 30 நாள் எந்தத் தனி மடலும் கிடையாது. வரவேற்பு மடலிலும் விளம்பரம் கிடையாது. எதில் சேர்ந்தோம் என்று அவருக்கே இன்னும் ஞாபகம் பதியவில்லை. அந்த நேரத்தில் வரும் விளம்பரம் அந்நியன் அனுப்பிய ஸ்பேமாகத்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளை

கட்டணப் பதிப்பின் விலையை மனம்போன போக்கில் வைக்காதீர்கள். ஓர் இதழ் விளம்பரத்தை ஆயிரம் பேருக்கு 20 அலகு (எந்த நாணயமானாலும் சரி) என்று விற்கிறீர்கள், ஆண்டுக்கு 50 இதழ் என்று வைப்போம். ஒரு வாசகரால் ஆண்டுக்கு வரும் விளம்பர வருமானம் 20 × 50 ÷ 1,000 = 1 அலகு. அப்படியானால் 2 அலகுக்கு விற்றால் லாபம் என்று தோன்றும். தோன்றுவது தப்பு.

காசு கொடுத்து விளம்பரத்தைத் தவிர்க்க வருகிறவர் யார்? மடலை ஒவ்வொரு வாரமும் முழுக்கப் படிக்கிறவர். விளம்பரத்தைச் சொடுக்கியதும் பெரும்பாலும் அவரேதான். அவர் சராசரி வாசகரைப் போல ஐந்து மடங்கு சொடுக்குகிறவர் என்றால், விளம்பரதாரருக்கு அவருடைய மதிப்பு 5 அலகு. அப்படிப்பட்ட 600 பேர் கட்டணப் பதிப்புக்குப் போனால், பட்டியலில் 5% குறையும், கிளிக்கில் கிட்டத்தட்ட 20% குறையும். (11,400 சாதாரண வாசகருக்குத் தலைக்கு 1 கிளிக் பங்கு, 600 பேருக்கு 5, மொத்தம் 14,400இல் 3,000.) அடுத்த தடவை விளம்பரதாரர் பேரம் பேசுவார். கட்டணம் 5 அலகுக்கு மேல், பணம் வாங்கும் செலவையும் சேர்த்து 7, 8 என்று வைத்தால்தான் நிற்கும்.

விளம்பரம் நீக்குவதை மட்டும் விற்பதிலும் ஒரு கோணல் இருக்கிறது. விளம்பரம் எவ்வளவு எரிச்சலாக இருக்கிறதோ அவ்வளவு கட்டணப் பதிப்பு விற்கும். உங்கள் கை எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பழைய இதழ்த் தொகுப்பு, கேள்வி பதில் என்று வேறு எதையாவது விற்று, விளம்பரம் இல்லாததை அதோடு கூட வரும் சலுகையாக வையுங்கள்.

வளையோசை

கடைசியாக ஒன்று. முதல் மூன்று மாதத்தில் ஆறு இதழுக்குத்தான் விளம்பரம் விற்றிருக்கிறது. மீதி வாரங்களில் பட்டையை எடுத்துவிடவா? விளம்பர வலையமைப்புகள் தானாகவே நிரப்பித் தருகிறோம் என்கிறார்கள்.

மெய்ப்பு

தானாக நிரப்பும் விளம்பரத்தை நீங்கள் அனுப்பும் முன் பார்க்க முடியாது. பார்க்காத வாசகம் உங்கள் பெயரில் போகக்கூடாது. பட்டையை எடுக்கவும் வேண்டாம். எடுத்து எடுத்து வைத்தால் ஒவ்வொரு தடவையும் அது புதிதாக முளைத்தது போல உறுத்தும். காலி வாரத்தில் சொந்த அறிவிப்பு. அதற்குத் தலைப்பு "விளம்பரம்" இல்லை, "அறிவிப்பு".

திண்ணைக்காரர்

இல்லேன்னா போன தடவை விளம்பரம் கொடுத்தவர்ல நல்ல பதில் வந்த ஒருத்தருக்கு, வெளியீட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி பாதி விலையில கேட்டுப் பாருங்க. வாசகம் ஏற்கெனவே நீங்க படிச்சுத் திருத்தினது, லிங்க்கும் சோதிச்சது. ஆனா அடுத்தடுத்த இதழ்ல வேண்டாம், நடுவுல ரெண்டு இதழாவது இடைவெளி விடுங்க. பாதி விலைன்னு மத்தவங்களுக்குத் தெரிஞ்சா எல்லாரும் கடைசி ரெண்டு நாளுக்காகக் காத்திருப்பாங்க, அதனால இதை மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல செய்யாதீங்க.